ஐந்து எழுத்தும் பத்துக் கட்டமும்

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து கடலோரமாக வடக்கே செல்லும் பாதையில், குச்சவெளியைக் கடந்து மேலும் சென்றால் புல்மோட்டை என்னும் ஊர் வரும். அதற்கும் அப்பால் கொக்கிளாய்க் கடல்நீரேரி. இவ்வூர்க் கரையின் மணல் கருமை படர்ந்தது. இல்மனைற், ரூற்றைல், சிர்கோன் முதலிய கனிமங்கள் அதில் செறிந்திருக்கின்றன. காந்தத்தினால் இல்மனைற்றைப் பிரித்தெடுப்பர். மின்சாரத்தைக் கடத்தும் தன்மையால் ரூற்றைலையும் கடத்தாத தன்மையால் சிர்கோனையும் வேறாக்குவர். மணலினால் ஊரின் பெயர் கடல் கடந்தும் அறியப்பட்டது. ஆயினும் இங்கே ஆராயப்படுவது மணலன்று, அந்தப் பெயரே.

புல்மோட்டை என்னும் பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன? பாலர் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் விரலை மடக்கி விடை சொல்லும்: பு, ல், மோ, ட், டை, ஆக ஐந்து. அதே கேள்வியைக் கணினியிடம் கேட்டால் அது பத்து என்று விடை கூறும். கணினி தவறாக எண்ணவில்லை. அது எண்ணுவது எழுத்துகளையன்று, எழுத்துகளை ஆக்கும் குறியெண்களை. இந்த ஐந்துக்கும் பத்துக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உணராத நிரலாளர் ஒருவர் தமிழ் மக்களுக்காக ஒரு திரையை அமைப்பாராயின், அந்தத் திரையில் ஊரின் பெயரும் ஆளின் பெயரும் உருக்குலைந்து நிற்கும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அரசாங்கப் படிவங்களில் பெயரை நிரப்புதற்குச் சிறு கட்டங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பர்; கட்டத்துக்கு ஓர் எழுத்து என்பது முறை. அத்தகைய படிவமொன்றைக் கணினித் திரையில் காட்ட வேண்டும் என்று ஒரு பிரதேச செயலகம் விரும்புவதாகக் கொள்க. எழுத்தர் பெயரைத் தட்டச்சுச் செய்ய, எழுத்துகள் ஒவ்வொன்றும் தன் கட்டத்திற் போய் அமர வேண்டும். ஆங்கிலப் பெயராயின் இது மிக எளிய வேலை. தமிழ்ப் பெயராயின் எளிதன்று. எளிதன்று என்பதற்காக விட்டுவிடக்கூடிய வேலையும் அன்று. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் இலங்கையின் ஆட்சிமொழி ஆயிற்று. அடுத்த ஆண்டில் நிறைவேறிய பதினாறாம் திருத்தம் நிர்வாக மொழி பற்றிய ஏற்பாடுகளைச் செய்தது. சட்டம் தந்த உரிமை படிவத்தின் கட்டத்துள் வந்து சேராவிடில், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயருமாக நின்று வாயில்தோறும் விளக்கம் சொல்லித் திரிபவர் அந்தப் பெயருக்கு உரியவரே.

இனி, ஜாவா என்னும் நிரல்மொழியைப் பற்றிச் சிறிது. சாவகம் என்று மணிமேகலை குறிக்கும் தீவின் பெயர் தமிழர்க்குப் புதிதன்று; சாவகச்சேரி என்னும் ஊர்ப்பெயரைச் சாவகரோடு தொடர்புபடுத்திப் பேசுவோரும் உளர். அந்தத் தீவின் பெயர் காப்பிக்குப் பெயராகி, காப்பியின் வழியே கணினி உலகுக்குள் நுழைந்தது. அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் முதலியோர் ஆக்கிய இந்த மொழிக்கு முதலில் ஓக் மரத்தின் பெயரே வழங்கிற்று. 1995ஆம் ஆண்டு ஜாவா என்னும் பெயரோடு அது வெளிவந்தது. ஒருமுறை எழுதிய நிரல் எவ்வகைக் கணினியிலும் ஓடவேண்டும் என்பதே அதன் நோக்கம். சன் நிறுவனம் 2010ஆம் ஆண்டு ஒறக்கிள் நிறுவனத்தின் கைக்கு மாறியது, மொழி வழக்கொழியவில்லை.

திரையில் தோன்றும் பொத்தான், எழுத்துப் பெட்டி, பட்டியல், உருட்டுப் பட்டை ஆகியவற்றை நிரலாளர் கூறுகள் என்பர். கூறுகளைத் தொகுத்து ஆயத்தமாக வைத்திருக்கும் நூலகமே கருவித்தொகுதி. ஜாவாவின் முதற் கருவித்தொகுதி இரவற் பொருள்களைக் கொண்டு இல்லம் நடத்திற்று. திரையில் ஒரு பொத்தான் வேண்டுமென்றால், அந்தக் கணினியின் இயங்குதளத்திடம் கேட்டு அதனுடைய பொத்தானை வாங்கி வைக்கும். ஆகவே ஒரு கணினியில் ஒருவிதமாகத் தோன்றியது மற்றொன்றில் வேறுவிதமாகத் தோன்றிற்று. எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவாக உள்ள கூறுகளையே அது வழங்க முடிந்தது. 1998ஆம் ஆண்டு டிசம்பரில் ஜாவாவின் 1.2 பதிப்போடு வந்த சுவிங் என்னும் தொகுதி இந்த முறையை மாற்றியது. சாளரம் ஒன்றை மட்டும் இயங்குதளத்திடம் பெற்றுக்கொண்டு, அதனுள் இருக்கும் கூறுகளைச் சுவிங் தானே வரைந்துகொள்கிறது. பொத்தான் என்பது இங்கே வரையப்பட்ட ஒரு சித்திரம். சித்திரமே என்றான பின், தொகுதியில் இல்லாத ஒரு கூறு வேண்டுமாயின் நிரலாளர் தாமே அதனை வரைந்துகொள்ளலாம் அன்றோ? பின்னர் எஸ்டபிள்யூடீ, ஜாவாஎஃப்எக்ஸ் எனப் பிற தொகுதிகளும் வந்தன. எனினும் சுவிங் இன்றும் ஜாவாவுடன் சேர்ந்தே வழங்கப்படுவதால், அதனைக் கொண்டு விளக்குவதே பொருந்தும்.

மேற்சொன்ன பெயர்க் கட்டம் சுவிங் தொகுதியில் இல்லை. ஆகவே அதனைப் புதிதாக ஆக்க வேண்டும். ஜேகாம்பொனன்ற் என்னும் அடிப்படை வகுப்பின் வழித்தோன்றலாக ஒரு புதிய வகுப்பை நிரலாளர் எழுதுவார். தந்தையின் இயல்புகள் மைந்தனுக்கு வருமாறு போல, திரையில் இடம் பெறுதல், மறைதல், சுட்டியின் அழுத்தத்தை உணர்தல் முதலியன எல்லாம் புதிய வகுப்புக்குத் தாமே வந்துவிடுகின்றன. மைந்தன் தன் முகத்தை மாத்திரம் தானே வரைந்துகொள்ள வேண்டும். அதற்குரிய செயல்முறையின் பெயர் பெயின்ற்காம்பொனன்ற்.

இங்கேதான் புதிய நிரலாளர் பலர் இடறுகின்றனர். வரைய வேண்டிய நேரம் எதுவென்று தீர்மானிப்பவர் தாமே என அவர்கள் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. சாளரம் முதன்முதல் திறக்கும்போதும், அளவு மாறும்போதும், உருட்டுப் பட்டையால் ஒரு பகுதி புதிதாக வெளிப்படும்போதும், வரையுமாறு அழைப்பது கருவித்தொகுதியே. அழைப்பு வந்தபோது, அந்தக் கணத்தில் உள்ள நிலையைப் பார்த்து முழுமையாக வரைந்து கொடுப்பதே கூற்றின் கடமை. பெயர் மாறிவிட்டது, மீண்டும் வரைதல் வேண்டும் என்றால், ரீபெயின்ற் என்னும் விண்ணப்பத்தைக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஒரே நேரத்திற் பத்து விண்ணப்பங்கள் வந்தால் தொகுதி அவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒருமுறை வரைவித்து முடித்துவிடும். மேலும், வரையத் தொடங்குமுன் தந்தை வகுப்பின் வரைவையும் அழைத்துவிட வேண்டும். பின்னணி ஒளிபுகா வண்ணமாக அமைந்த கூற்றில், பின்னணியை வண்ணத்தால் நிரப்பிப் பழைய தோற்றத்தைத் துடைத்துவிடவும் வேண்டும். அதனை மறந்தவரது திரையில் பழைய எழுத்தின்மேல் புதிய எழுத்து ஏறி, அழிக்காத சிலேட்டைப் போலத் தோன்றும்.

மற்றோர் இடறலும் உண்டு. கூறுகளைச் சாளரத்துள் ஒழுங்குபடுத்தும் அமைப்பாளன் ஒவ்வொரு கூற்றையும் நோக்கி, உனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்கும். புதிய கூறு விடை சொல்லாவிட்டால், அதன் அகலமும் உயரமும் சுழியம் என்று கொள்ளப்படுவது பெரும்பான்மை. நிரலில் எழுத்துப்பிழையில்லை, வரைவிற் குற்றமில்லை. ஆயினும் திரையில் ஒன்றுமே இல்லை! இரவு முழுதும் கண்விழித்துப் பிழை தேடியவர் பலர். விரும்பும் அளவைக் கூறும் செயல்முறையை எழுதிவிட்டால் கூறு தோன்றிவிடும்.

எவ்வளவு இடம் வேண்டும்? ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட நிரலில் எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே அகலத்தை ஊகமாகக் கொடுத்துவிடுவர். தமிழில் அவ்வாறு செய்தல் ஆகாது. ‘ர’ ஒடுங்கிய எழுத்து. ‘ணை’ அகன்றது. ‘ஞௌ’ என்பதோ மேலும் அகன்றது. உயரத்திலும் இதே நிலை. ‘பூ’, ‘மூ’ என்பவற்றின் கீழ்ப்பகுதி அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும். ‘கீ’ என்பதன் சுழி மேலே எழும். ஆகையால் எழுத்துருவின் அளவுகளை நிரலினாலேயே அளந்து, இருக்கும் எழுத்துகளுள் மிக அகன்றது எதுவோ அதற்கேற்பக் கட்டத்தை அமைத்தல் வேண்டும். உள்ள எழுத்துரு தமிழை அறியாததாயின் ஒவ்வோர் எழுத்துக்கும் வெற்றுச் சதுரமே தோன்றும். கட்டத்துக்குள் ஒரு கட்டம் என்பது பார்ப்பவரைப் பெரிதும் குழப்பும். இந்த எழுத்துருவால் இந்தச் சொல்லைக் காட்ட இயலுமா என்று முன்கூட்டியே கேட்டறியும் வசதி ஜாவாவில் உண்டு. கேட்போர் தாம் குறைவு.

இப்போது பத்தும் ஐந்துமாகிய கணக்கு. யுனிகோட் என்னும் உலகப் பொதுக் குறியீட்டு முறையில் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. தமிழ் நெடுங்கணக்கிலோ எழுத்துகள் 247. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தராமல், அகரமேறிய மெய்க்கு ஒரு குறியெண்ணும் உயிரின் குறிக்கு ஒரு குறியெண்ணும் என அந்த முறை அமைத்துக்கொண்டது. எனவே ‘பு’ என்பது பகரமும் உகரக் குறியும். ‘ல்’ என்பது லகரமும் புள்ளியும். ‘மோ’ என்பது மகரமும் ஓகாரக் குறியும். ‘ட்’, ‘டை’ என்பனவும் இவ்வாறே. இரண்டிரண்டாக ஐந்து, பத்தாயிற்று. புள்ளியைப் பிரித்து எண்ணுவது தமிழ் இலக்கணத்துக்கு ஒவ்வாது என்று வாதிட்டோரும் உண்டு. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கும் வேறொரு முறையைத் தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டு யுனிகோடுக்குத் துணையாக ஏற்றது. அந்த வாதம் எவ்வாறாயினும், உலகத்துக் கணினிகள் வழங்கும் முறை யுனிகோடே ஆதலின், நிரலாளர் அதனோடுதான் வாழவேண்டும்.

ஆங்கிலத்தை மட்டும் மனத்திற் கொண்ட நிரலாளர் சொல்லின் குறியெண்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டத்துக்கு ஒன்றாக வரைவார். விளைவு யாது? முதற் கட்டத்தில் ‘ப’. இரண்டாவதில் ஆதாரமின்றித் தொங்கும் உகரக் குறி. தாங்குதற்கு மெய் இல்லாமையால் புள்ளிகளாலான ஒரு வெற்று வட்டம் அதன் அருகே தோன்றும். மூன்றாவதில் ‘ல’. நான்காவதில் புள்ளி தனித்து நிற்கும். ஐந்து கட்டம் போதுமாயிருந்த ஊர்ப் பெயருக்குப் பத்துக் கட்டம் செலவாகி, படிவத்தில் இடம் முடிந்துவிட்டால் மீதியும் வெட்டுண்டு போகும். அங்கே நிற்பது புல்மோட்டை அன்று. எந்த ஊரும் அன்று.

‘மோ’, ‘டை’ ஆகிய இரண்டிலும் இன்னொரு நுட்பம் இருக்கிறது. ‘டை’ என்று எழுதும்போது ஐகாரக் குறி டகரத்தின் இடப்பக்கம் நிற்கிறது. ஆனால் கணினியின் நினைவில் டகரமே முன்னது, குறி பின்னது. ஒலிக்கும் வரிசையில் சேமித்து, எழுதும் வரிசையில் காட்டுவது யுனிகோட் முறை. ‘மோ’ என்பதில் ஒரே குறி இரண்டாகப் பிளந்து மகரத்தின் இருமருங்கும் நிற்கும். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்துருக் கோவை இயந்திரம் என்னும் உட்பகுதி. ஜாவாவின் ஒன்பதாம் பதிப்பில், 2017ஆம் ஆண்டு, ஹார்ஃப்பஸ் என்னும் புகழ்பெற்ற கோவை இயந்திரம் இந்தப் பணிக்கு அமர்த்தப்பட்டது. ஆயினும் இயந்திரம் எவ்வளவு திறமை வாய்ந்ததாயினும், மெய்யையும் குறியையும் சேர்த்து ஒருங்கே கொடுத்தாலன்றி அதனால் சேர்த்துக் கோக்க இயலாது. தனித்தனியே பிய்த்துக் கொடுத்தால் பிய்ந்ததையே அது வரையும்.

ஆகவே செய்யத்தக்கது யாதெனில், சொல்லைக் குறியெண்களாகப் பிரிக்காமல், படிப்பவர் எழுத்து என்று காண்பவையாகப் பிரித்தலாகும். ஜாவாவின் உரைத் தொகுதியில் பிரேக்இற்றரேற்றர் என்னும் கருவி இதற்காகவே உள்ளது. எழுத்தின் எல்லை எங்கே என்று அதனைக் கேட்டு, எல்லைக்கும் எல்லைக்கும் இடைப்பட்ட துண்டைத் துண்டாகவே வரைய வேண்டும். 2023ஆம் ஆண்டு வந்த இருபதாம் பதிப்பு முதல் இந்தக் கருவி யுனிகோட் வகுத்த எழுத்துக்கொத்து விதியைப் பின்பற்றுகிறது. அவ்வாறு பிரித்தால் புல்மோட்டைக்கு ஐந்து துண்டுகளே கிடைக்கும். ஐந்து கட்டங்களில் ஐந்து எழுத்துகள் அமரும். கட்டத்தின் அகலத்திலிருந்து எழுத்தின் அகலத்தைக் கழித்து, எஞ்சியதில் பாதியை இடப்பக்கம் விட்டு வரைந்தால், எழுத்து நடுவில் நிற்கும்.

வேலை இத்துடன் முடிந்ததா? பெரும்பாலும் முடிந்தது, முழுவதும் அன்று. ‘மோ’ என்பதை ஒரே ஓகாரக் குறியாகச் சேமிக்கலாம். ஏகாரக் குறி, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு முதலாவது பத்துக் குறியெண், இரண்டாவது பதினொன்று. புல்மோட்டைவாசிகளின் பட்டியலைத் தேடும்போது, ஒரு முறையில் எழுதப்பட்டவர்கள் அகப்பட்டு மற்றையோர் அகப்படாமற் போகலாம். நிவாரணப் பட்டியலொன்றில் இவ்வாறு விடுபடுவது சிறிய காரியமாகாது. இதனைத் தவிர்க்க, பெயரைப் பெற்றவுடன் ஒருமைப்படுத்தும் செயல்முறையால் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து பிறகு சேமித்தல் வேண்டும். ஜாவாவில் இதற்கென நோர்மலைசர் என்னும் வகுப்பு உண்டு.

‘லக்ஷ்மி’ போன்ற பெயர்கள் வேறொரு சிக்கலைத் தருகின்றன. படிப்பவர் கண்ணுக்கு ல, க்ஷ், மி என மூன்று எழுத்து. யுனிகோட் விதியோ க் என்பதையும் ஷ் என்பதையும் வெட்டி நான்காக்கும். ‘ஸ்ரீ’ என்பதும் இவ்வாறே இரண்டாகப் பிளவுபடும். பொது விதி தமிழ் மரபை முற்றும் அறியாது. எனவே அவ்விரு கூட்டெழுத்துகளுக்கும் தனியே ஒரு விதியை நிரலாளர் எழுதிச் சேர்த்தல் வேண்டும். நான்கைந்து வரிகளில் முடியும் வேலை அது.

தட்டச்சுச் செய்வது பற்றியும் ஒரு சொல். இலங்கை அலுவலகங்களில் பாமினி என்னும் எழுத்துரு நெடுங்காலம் ஆட்சி செலுத்திற்று. அதில் எழுதிய பழைய ஆவணங்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். ‘டை’ என்பதில் குறி முதலிலும் டகரம் பின்னுமாக வரும். அவற்றை மாற்றாமல் புதிய கட்டத்தில் இடுவது வீண்வேலை. இனி, யுனிகோட் முறையில் தட்டச்சுச் செய்பவருக்கும் இடையூறு நேரலாம். ஒலிப்பு முறையில் எழுதுவோர் விசைகளை அழுத்த அழுத்த எழுத்து படிப்படியாக உருவாகும். புதிய கூறு விசைகளை நேரடியாகவே கேட்டு வாங்குமாறு அமைக்கப்பட்டால், அரைகுறையாக உருவான எழுத்து அதற்குள் வராமல், வேறொரு சிறு சாளரத்தில் தோன்றித் தொல்லை தரும். இதற்கெனத் தனியே இடைமுகங்களை எழுதி இணைக்கலாம்; ஆயினும் அது பெருவேலை. அதனினும் அறிவுடைமை, எழுதுவதற்குச் சுவிங்கில் ஏற்கெனவே உள்ள எழுத்துப் பெட்டியையே வைத்துக்கொண்டு, கட்டங்களைக் காட்டுவதற்கு மட்டும் புதிய கூற்றைப் பயன்படுத்துவது. உள்ள கருவி நன்றாகச் செய்யும் வேலையை மீண்டும் செய்யப் புகுவது இளம் நிரலாளரின் பொதுவான ஆசை. அந்த ஆசை அலுவலகங்களுக்குச் செலவாகவே முடிந்திருக்கிறது.

எழுத்துப் பெட்டியில் ஒரு மாற்றம் நிகழ்ந்ததும் கட்டத்துக்கு அது தெரிய வேண்டும். ஜாவா இதற்கு வகுத்திருக்கும் ஏற்பாட்டின் பெயர் வானொலிக் கேட்போருக்கு இனியதாயிருக்கும். செய்தியைக் கேட்கப் பதிவு செய்துகொண்ட பொருளை ஜாவா லிசனர், அதாவது நேயர், என்றே அழைக்கிறது. எழுத்துப் பெட்டி நிலையம் போன்றது. கட்டம் நேயர் போன்றது. ஆனால் வானொலி நிலையத்துக்குத் தன் நேயர் இன்னார் என்று தெரியாது. எழுத்துப் பெட்டியோ ஒவ்வொரு நேயரின் பெயரையும் குறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் முறையே கூவி அழைக்கிறது. நேயர் செய்தியைக் கேட்டுவிட்டு விரைந்து விலக வேண்டும். சுவிங்கின் வரைதலும் நிகழ்வுகளும் எல்லாம் ஒரே இழையில், ஒற்றையடிப் பாதையில் வண்டிகள் செல்வது போல, ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறுகின்றன. புல்மோட்டையிலிருந்து திருகோணமலைக்குப் படிவத்தை அனுப்பும் வேலையை அந்த இழையிலேயே செய்தால், இணைப்பு மந்தமாயிருக்கும் நாளில் திரை முழுவதும் உறைந்துவிடும். வரிசையில் நிற்பவர் எழுத்தரைக் குறைகூறுவர். எழுத்தர் கணினியைக் குறைகூறுவார். நீண்ட வேலைகளைச் சுவிங்வேர்க்கர் என்னும் வகுப்பின் துணையால் பின்னணி இழைக்கு ஒப்படைத்தல் வேண்டும்.

கடைசியாக ஒன்று, பலரும் நினையாதது. பார்வையற்றவர்கள் திரையைப் படித்துச் சொல்லும் நிரலின் துணையால் கணினியில் வேலை செய்கின்றனர். சுவிங்கின் ஆயத்தப் பொத்தான் தன் பெயரையும் தொழிலையும் அந்த நிரலுக்குக் கூறும் வழியை அறிந்திருக்கிறது. புதிதாக வரையப்பட்ட கட்டமோ கண்ணுக்கு எழுத்தாகத் தோன்றினும் காதுக்கு ஊமை. அது வெறும் கோடுகளும் வளைவுகளுமே. அணுகல் விவரம் என்று அழைக்கப்படும் பகுதியை எழுதி, கட்டத்துள் இருக்கும் பெயர் எது, அது எதற்கான கட்டம் என்பதை வார்த்தையாகச் சொல்லி வைக்க வேண்டும். அவ்வாறு எழுதும்போது ஐந்து துண்டுகளையும் தனித்தனியே கொடாமல், சொல்லை முழுமையாகக் கொடுத்தல் வேண்டும். அப்போதுதான் படிக்கும் நிரல் எழுத்தெழுத்தாகத் தடுமாறாமல், ஊர்ப்பெயர்: புல்மோட்டை, என்று சொல்லும்.